கோடா, இடைவெளியா, சேர்த்து எழுதுவதா? கூட்டுப் பெயர்களுக்கு எது எங்கே பொருந்தும்

உதிரிப் பாகப் பட்டியலில் "சிறிய குழாய் மூடி" என்று ஒரு வரி இருக்கிறது. சிறியது குழாயா, மூடியா? எழுதியவருக்குத் தெரியும், கிடங்கில் எடுத்துக் கொடுப்பவருக்குத் தெரியாது. "24 துளைத் தகடு" என்று இன்னொரு வரி. 24 தகடுகள் வேண்டுமா, 24 துளைகள் உள்ள ஒரு தகடு வேண்டுமா? எண்ணுக்குப் பின் வரும் பெயருக்குக் 'கள்' விகுதி தமிழில் கட்டாயம் இல்லை என்பதால், இலக்கணமும் இங்கே உதவிக்கு வராது. "உடைந்த கண்ணாடித் தொட்டி" இன்னும் மோசம். உடைந்த சில்லுகளைப் போடும் தொட்டியா, கண்ணாடித் தொட்டி உடைந்து கிடக்கிறதா?

பேச்சில் இந்தக் குழப்பம் வருவதில்லை. எங்கே நிறுத்துகிறோம், எதை அழுத்துகிறோம் என்பதிலேயே பொருள் விளங்கிவிடும். எழுத்தில் அந்த வேலையை வேறொன்று செய்ய வேண்டும். பாகப் பட்டியல், கலைச்சொல் தொகுப்பு, கோப்புப் பெயர், செயலியின் பட்டி, நூலகப் பொருள் தலைப்பு என்று பெயரிடும் வேலை உள்ள எல்லா இடத்திலும் இந்தத் தேர்வு வந்து நிற்கும். நம் கையில் இருப்பவை நான்கு வழிகள்: இடைவெளி விட்டு எழுதுதல், சேர்த்து எழுதுதல், இணைப்புக்கோடு இடுதல், வேற்றுமை உருபைக் காட்டி விரித்து எழுதுதல். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் முடித்துவிட முடியாது. ஆனால் எந்த வகைப் பெயருக்கு எந்த வழி என்று முன்கூட்டியே வரையறுத்துவிடலாம்.

இடைவெளி மட்டும் விட்டால்

இதுதான் எளிது. தட்டச்சு செய்பவர் யோசிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சொல்லும் தனித்து நிற்பதால் தேடலும் எளிது. கூடவே, தமிழில் இடைவெளிக்குத் துணையாக ஒற்று இருக்கிறது. "தந்த பலகை" என்றால் யாரோ கொடுத்த பலகை. "தந்தப் பலகை" என்றால் தந்தத்தால் ஆன பலகை. ஒரு 'ப்' இரண்டு சொற்களையும் பிணைத்துவிடுகிறது. பெயரடைத் தொடர்களில் பிற மொழிகள் கோடு போட்டுக் காட்டும் உறவைத் தமிழ் பல இடங்களில் ஒற்றாலேயே காட்டிவிடும். அதனால்தான் வல்லினம் மிகும் இடம், மிகாத இடம் என்பதைப் பெயரிடுவோர் வெறும் பிழைத்திருத்தமாக நினைக்கக் கூடாது. அது பொருளைத் தாங்கும் உறுப்பு.

ஆனால் ஒற்றுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. முதலாவது, க, ச, த, ப ஆகிய வருக்கங்களுக்கு முன்னால்தான் அது தோன்றும். "குழாய் மூடி", "கதவு வளையம்", "குழாய் நீளம்" போன்றவற்றில் அது வாய் திறக்காது. இரண்டாவது, அடுத்தடுத்த இரண்டு சொற்கள் பிணைந்திருப்பதை மட்டுமே அது சொல்லும். இடப்பக்கம் நிற்கும் அடைமொழி எதுவரை பாய்கிறது என்பதைச் சொல்லாது. "பழைய இரும்புப் பெட்டி" என்பதில் 'ப்' சரியாகவே விழுந்திருக்கிறது. இருந்தும் பழையது இரும்பா, பெட்டியா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இரண்டு சொல் பெயர்களுக்கு இடைவெளியும் ஒற்றும் போதும். மூன்றாவது சொல் சேரும்போதுதான் சிக்கல் தொடங்கும்.

சேர்த்து எழுதுதல்

தமிழுக்கு இயல்பான வழி இது. ஓலைச்சுவடியில் சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது; புணர்ச்சி விதிகளை வைத்தே படித்தார்கள். இணைப்புக்கோடு அச்சோடு வந்தது. எனவே கூட்டுப் பெயர் ஒன்றை உருவாக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, அது இயல்பாகச் சேர்ந்து ஒரு சொல்லாகிறதா என்பதைத்தான்.

"சிறிய குழாய் மூடி"யையே எடுத்துக்கொள்வோம். மூடிதான் சிறியது என்றால் "சிறிய குழாய்மூடி" என்று பின்னிரண்டையும் சேர்த்துவிடலாம். குழாய்தான் சிறியது என்றால் "சிறிய" என்ற பெயரெச்ச வடிவத்தை விட்டுவிட்டு "சிறு" என்ற அடிச்சொல்லுக்குப் போக வேண்டும்: "சிறுகுழாய் மூடி". இப்போது கோடும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். சிறு, குறு, நெடு, பெரு, புது, பொது, நடு, முழு ஆகிய அடிகள் எல்லாமே இப்படிப் பயன்படும். குறுந்தகடு, குறுஞ்செய்தி, நெடுந்தொடர், பொதுக்கூட்டம் எல்லாம் இப்படி வந்தவையே. விதி மட்டும் ஒன்றுபோல் இருக்காது என்பதை நினைவில் வைக்க வேண்டும். சிறு என்பதற்குப் பின் ஒற்று மிகாது (சிறுகதை, சிறுதானியம்). புது, பொது, நடு, முழு ஆகியவற்றுக்குப் பின் மிகும் (புதுக்கவிதை, பொதுச்செயலாளர், நடுப்பகல், முழுப்பக்கம்). குறு, நெடு, பெரு ஆகியவற்றுக்குப் பின் பெரும்பாலும் இனமெல்லெழுத்து வரும் (குறுந்தகடு, நெடுஞ்சாலை, பெருங்கடல்).

எண்களிலும் இதே வசதி உண்டு. "மூன்று முனை இணைப்பு" என்றால் இணைப்புகள் மூன்றா என்ற ஐயம் எழும். "மும்முனை இணைப்பு" என்றால் எழாது. இருசக்கர வண்டி, முக்கோணம், முப்பரிமாணப் படம், நாற்காலி, ஐங்கோணம், அறுகோணம், எண்கோணம் எல்லாம் அப்படியே. குறுகிய எண்ணடி (இரு, மும், அறு போன்ற எண்ணின் சுருங்கிய வடிவம்) இருக்கும்வரை அதைப் பயன்படுத்துவதே நல்லது. அது தனித்து நிற்க முடியாத வடிவம் என்பதால் அடுத்த சொல்லோடு பிணைந்துதான் படிக்கப்படும். எண்ணடி இல்லாமல் முழு எண்ணுப்பெயரையே எழுதினால் எட்டு, பத்து ஆகியவற்றுக்குப் பின்தான் ஒற்று மிகும் (எட்டுத்தொகை, பத்துப்பாட்டு). இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, ஒன்பது ஆகியவற்றுக்குப் பின் மிகாது. ஒரே பட்டியலில் "எட்டுப்பல் சக்கரம்" என்றும் "ஆறுபல் சக்கரம்" என்றும் இருந்தால் இரண்டும் சரி. ஒன்றைப் பார்த்து மற்றதைத் 'திருத்தி'விடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

வினைத்தொகைக்குத் தனி கவனம் வேண்டும். குடிநீர், சுடுநீர், ஏவுகணை, மிதிவண்டி, ஊறுகாய், சுழல்விசிறி ஆகியவற்றில் இடைவெளியும் வராது, ஒற்றும் மிகாது. முன்சொல் வினையடியாக இருந்து, மூன்று காலமும் மறைந்து நிற்பதுதான் இதற்கு அடையாளம். இந்தச் சிறிய வேறுபாடு எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு ஒரு இணையைப் பாருங்கள். "இணைகுழாய்" என்றால் வந்து இணையும் குழாய். "இணைக்குழாய்" என்றால் துணையாக உள்ள குழாய். முன்னது "இணைகோடு" போன்றது. பின்னது "இணைப்பேராசிரியர்" போன்றது. ஒலிப்பும் மாறுகிறது: ஒற்று இல்லாத இடத்தில் 'கு' மென்மையாகவும், ஒற்று உள்ள இடத்தில் வன்மையாகவும் ஒலிக்கும். இதையே "இணை-குழாய்" என்று கோடு போட்டு எழுதினால் இரண்டு பொருளும் ஒன்றாகிவிடும். தெளிவுக்காகப் போட்ட கோடு, இருந்த தெளிவையும் அழித்துவிடும்.

சேர்த்து எழுதுவதற்கு விலையும் உண்டு. முதன்மையான விலை தேடலில் கொடுக்க வேண்டியது. பின்சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் அந்த உயிர், முன்சொல்லின் மெய்யோடு கலந்துவிடும். மின் + அழுத்தம் = மின்னழுத்தம். இப்போது "அழுத்தம்" என்று தேடினால், சொல்லின் நடுவில் தேடும் மென்பொருளுக்குக்கூட இது அகப்படாது. "அ" என்ற எழுத்தே அதில் இல்லை. கதவு + அடைப்பான் = கதவடைப்பான், நீர் + ஏற்றி = நீரேற்றி என்பவையும் அப்படியே. முன்சொல் உருமாறும் இடங்களிலும் இதே சிக்கல்தான்: "மரம்" என்று தேடினால் மரப்பெட்டி வராது, "ஆறு" என்று தேடினால் ஆற்றுமணல் வராது, "நாள்" என்று தேடினால் நாட்குறிப்பு வராது, "கல்" என்று தேடினால் கற்சிலை வராது. இதற்காகச் சொல்லைப் பிய்த்து எழுத வேண்டியதில்லை. பட்டியலில் 'தேடுசொற்கள்' என்று ஒரு பத்தி (நெடுவரிசை) சேர்த்து, "மின் அழுத்தம்" என்று பிரித்த வடிவத்தை அங்கே வைத்தால் போதும். பெயரின் வேலை மனிதருக்குப் பொருள் சொல்வது. தேடலுக்கு வேண்டியதை வேறிடத்தில் கொடுக்கலாம்.

இரண்டாவது விலை நீளம். "மழைநீர்ச்சேகரிப்புத்தொட்டிமூடி" என்பதை யாரும் ஒரே பார்வையில் படிக்க மாட்டார்கள். இரண்டு சொல்லைச் சேர்க்கலாம். மூன்றைச் சேர்ப்பது, அவற்றில் இரண்டு ஏற்கனவே ஒரு சொல்லாக நிலைத்துவிட்டால் மட்டும் ("குடிநீர்க்குழாய்"). அதற்கு மேல் போனால் பெயரின் மிகப் பெரிய மூட்டு (இரண்டு பகுதிகள் சேரும் இடம்) எது என்று பார்த்து அங்கே இடைவெளி விட வேண்டும்.

மூன்றாவது, கடன்சொற்கள். தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. பிளாஸ்டிக், போல்ட், பம்ப் போன்றவை முடிகின்றன. "பிளாஸ்டிக்குழாய்" என்று சேர்த்தால் அந்த 'க்' சொல்லின் கடைசி எழுத்தா, நாம் இட்ட ஒற்றா என்று தெரியாது. இங்கே சேர்க்க வேண்டாம். "பிளாஸ்டிக் குழாய்" என்று விட்டுவிடலாம். ல், ள் ஈற்றுச் சொற்களிலும் வரம்பு தேவை. கடற்கரை, நாட்குறிப்பு போல நிலைத்தவை இருக்கட்டும். புதிதாக ஆக்கும் பெயர்களில் "தகவற்பலகை", "செயற்றிட்டம்" என்று போவதைவிட "தகவல் பலகை", "செயல் திட்டம்" என்று இடைவெளி விட்டு, மெய்யை மாற்றாமல் எழுதுவதே படிப்பவருக்கு உதவும். எதைத் தேர்ந்தாலும் பட்டியல் முழுவதும் அதுவே இருக்க வேண்டும்.

இணைப்புக்கோடு

கோட்டுக்கு ஓர் எளிய அளவுகோல் வைத்துக்கொள்ளலாம்: முன்சொல் எந்த உருமாற்றமும் இல்லாமல் முழுதாக நிற்க வேண்டிய இடத்தில்தான் கோடு. ம் கெட வேண்டும், ட் இரட்டிக்க வேண்டும், ஒற்று மிக வேண்டும் என்ற நிலை இருந்தால் அங்கே புணர்ச்சி ஏற்கனவே நடக்கிறது. அதற்குள் கோட்டைச் செருகினால் "நாடக-குழு"வா, "நாடகக்-குழு"வா, "நாடகம்-குழு"வா என்று புதிதாக ஒரு சண்டை தொடங்கும். ஒருவர் ஒற்றோடும் இன்னொருவர் ஒற்றில்லாமலும் எழுத, ஒரே பெயர் மூன்றாகிவிடும்.

இந்த அளவுகோலில் தேறுபவை சிலவே. முதலில் இலக்கத்தோடு வரும் அடைமொழி. இலக்கத்துக்குப் புணர்ச்சி கிடையாது. "24" என்ற எண்ணின் பின்னால் ஒற்று தொற்ற முடியாது. "24-துளைத் தகடு" என்று எழுதினால் 24 என்பது துளையோடு கட்டப்பட்டுவிடும். வாங்க வேண்டிய எண்ணிக்கையை இதோடு கலக்காமல் தனிப் பத்தியில் வைக்க வேண்டும். அடைமொழிக்கும் தலைச்சொல்லுக்கும் (பொருளின் பெயரான கடைசிச் சொல்லுக்கும்) இடையே வழக்கமான ஒற்று வரும் என்பதைக் கவனியுங்கள்: "துளைத் தகடு". கோடு விழுந்த மூட்டில்தான் ஒற்று இல்லை. இரண்டு அளவுகளைச் சேர்த்துச் சொல்ல நேர்ந்தால் "2-, 4-துளைத் தகடுகள்" என்று தொங்கவிடாமல் "2-துளை, 4-துளைத் தகடுகள்" என்று முழுதாக எழுதிவிடுங்கள். தொங்கும் கோடு தமிழ்க் கண்ணுக்குப் பழக்கமில்லை.

அடுத்தது, சம நிலையில் உள்ள இரண்டு பெயர்கள் சேர்ந்து அடைமொழியாகும் இடம். கோடு உண்மையிலேயே தன் இடத்தைச் சம்பாதித்துக்கொள்வது இங்கேதான். "காற்று எரிபொருள் விகிதம்" என்றால் காற்றே எரிபொருள் என்றுகூடப் படிக்கலாம். "காற்று-எரிபொருள் விகிதம்" என்றால் இரண்டும் எதிரெதிரே நிற்கின்றன. தமிழ்-ஆங்கில அகராதி, வினா-விடைத் தொகுப்பு, நட்டு-போல்ட் பெட்டி, ஆன்-ஆஃப் சுவிட்ச் எல்லாம் இந்த வகை. இவை உம்மைத்தொகை, இதில் ஒற்று மிகாது என்பதால் கோட்டோடு மோதலும் இல்லை. ஒன்றை மற்றது தழுவாமல் இரண்டும் இணையாக நிற்கின்றன என்பதை ஒற்றாலும் காட்ட முடியாது, சேர்த்து எழுதியும் காட்ட முடியாது.

மூன்றாவது, கோடு பெயரிலேயே இருக்கும் குறியீடுகள். யூஎஸ்பி-சி என்பதில் உள்ள கோடு நாம் போட்டதல்ல. அதை எடுக்கக் கூடாது. உருபு சேர்க்கும்போது இன்னொரு கோடு வேண்டாம்: "யூஎஸ்பி-சிக்கு" போதும்.

கோடு வேண்டாத இடங்களும் உண்டு. மொழிபெயர்ப்பில் மூலத்தில் இருந்த கோடு அப்படியே வந்து ஒட்டிக்கொள்வது மிகுதி: "உயர்-தர", "நீண்ட-கால", "பல-நோக்கு". தமிழில் உயர்தர, நீண்டகால, பன்னோக்கு என்று சொற்கள் ஏற்கனவே இருக்கின்றன. இவற்றில் கடைசியானது பட்டியல்களில் பல நோக்கு, பலநோக்கு, பல்நோக்கு, பல்-நோக்கு, பன்னோக்கு என்று ஐந்து விதமாகத் திரிவதைப் பார்க்கலாம். புணர்ச்சிப்படி பன்னோக்கு சரி (பல் + நாடு பன்னாடு ஆவது போல). "பல்நோக்கு" என்பதையே உங்கள் துறை ஏற்றிருந்தால் அதையும் வைத்துக்கொள்ளலாம். "பல நோக்கு" மட்டும் வேண்டாம். அது பொருளையே மாற்றும். வரிசை எண்ணிலும் கோடு தேவையில்லை: 3-ஆம், 3ஆம், 3-ம் மூன்றும் அச்சில் உலவுகின்றன, "3ஆம்" என்பதை வைத்தால் கோட்டை அடைமொழிக்கு மட்டும் ஒதுக்கிவிடலாம்.

அளவு எல்லைகளில் கோடு ஆபத்தானது. "10-20 மிமீ திருகு" என்பது 10 முதல் 20 வரையா, 10 விட்டமும் 20 நீளமுமா? "10 முதல் 20 மிமீ வரை" என்று எழுதுங்கள். விட்டமும் நீளமும் என்றால் பெருக்கல் குறி இடுங்கள்.

விரித்து எழுதுதல்

தொகையாக வைத்திருப்பதால்தான் குழப்பம் என்றால், தொகையை அவிழ்த்துவிடலாம். "உடைந்த கண்ணாடிக்கான தொட்டி", "மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டியின் மூடி". நீளம் கூடும், ஆனால் தவறாகப் படிக்க வழியே இல்லை. எல்லா மூட்டையும் விரிக்க வேண்டாம், மிகப் பெரிய மூட்டில் ஓர் உருபு போதும். எச்சரிக்கைப் பலகை, பாதுகாப்பு அறிவுரை, மருந்தோடு தொடர்புடைய பெயர் என்று தவறினால் தீங்கு வரக்கூடிய இடங்களில், கோட்டையும் இடைவெளியையும் நம்பாமல் விரித்தே எழுத வேண்டும். கோடு ஒரு சிறு கீற்று. தேய்ந்த அச்சில் முதலில் மறைவது அதுதான்.

கணினி இவற்றை எப்படிப் பார்க்கிறது

கோடு என்று நாம் சொல்வது ஒன்றல்ல. விசைப்பலகையில் இருப்பது பதின்ம எண் 45 கொண்ட குறி. யூனிகோடு அட்டவணையின் (பதினாறடிமான எண்ணில்) 2010 தனி இணைப்புக்கோடு. 2011 வரி முறியாத கோடு. 2013 சற்று நீண்ட கோடு. 2212 கழித்தல் குறி. கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தாலும் கணினிக்கு ஐந்தும் வெவ்வேறு. வேர்டில் இருபுறமும் இடைவெளி விட்டுக் கோடு தட்டினால் அது தானாகவே நீண்ட கோடாக மாறிவிடும். அங்கிருந்து ஒட்டியெடுத்த பெயரைச் சாதாரணக் கோட்டால் தேடினால் கிடைக்காது. பெயர்களுக்கு விசைப்பலகைக் கோடு ஒன்றே என்று முடிவு செய்துவிடுவது நல்லது. வரி முறியாத கோட்டை அச்சுக்குப் போகும் கடைசிப் படியில் மட்டும், "24-" என்பது வரி முடிவில் தனித்து விழும் இடத்தில் பயன்படுத்தலாம்.

வரிசைப்படுத்தல் இன்னொரு பொறி. குறியெண் வரிசையில் அடுக்கும் மென்பொருளில் இடைவெளி (32) முதலில், கோடு (45) அடுத்து, இலக்கங்கள், பிறகு அடிக்கோடு (95), அதன்பின் தமிழ் எழுத்துகள். எனவே "நீர் குழாய்", "நீர்-குழாய்", "நீர்_குழாய்", "நீர்க்குழாய்" என்று நான்கு விதமாக எழுதிய ஒரே பொருள் நான்கு இடத்தில் போய் உட்காரும். நடுவே "நீர் வடிகட்டி", "நீர்-மானி" எல்லாம் புகுந்துகொள்ளும். வரி முறியாத கோட்டோடு எழுதிய ஐந்தாவது வடிவம், தமிழ் எழுத்துகளுக்கும் பின்னால், "நீர்வீழ்ச்சி"யைத் தாண்டிக் கடைசியில் கிடக்கும். எக்செல் வேறு விதம்: அடுக்கும்போது கோட்டைக் கணக்கில் எடுக்காது, மற்றபடி ஒன்றான இரு சொற்களில் கோடு உள்ளதைப் பின்னால் வைக்கும். ஒரே பட்டியல் இரண்டு இடத்தில் இரண்டு வரிசையில் வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

எக்செலில் இன்னொன்று: "3-4" என்று தட்டினால் அது தேதியாகிவிடும். கோடு உள்ள அளவுகளை ஒட்டுவதற்கு முன்பே பத்தியை உரை வடிவத்துக்கு மாற்ற வேண்டும். பிறகு மாற்றினால் மூலம் திரும்பாது.

தேடுபொறியில் இடைவெளிக்குப் பின் கோடு ஒட்டி வந்தால் விலக்கு என்று பொருள். கூகுளில் "நீர் -குழாய்" என்று தட்டினால் குழாய் பற்றிய பக்கங்கள் விடுபடும். இணைய முகவரிகளில் சொற்களைப் பிரிக்க அடிக்கோட்டைவிட இணைப்புக்கோட்டையே கூகுள் பரிந்துரைக்கிறது. அங்கே கோடு இடைவெளிக்குப் பதிலாக நிற்கிறது. பொருளோடு அதற்குத் தொடர்பில்லை. முகவரிக்கான கோட்டுப் பழக்கத்தைக் காட்சிப் பெயருக்குக் கொண்டுவர வேண்டாம்.

கோப்புப் பெயரில் இடைவெளி, கட்டளைவரியில் தொல்லை தரும். கோட்டில் தொடங்கும் பெயரோ கட்டளையின் விருப்பத்தேர்வாகப் புரிந்துகொள்ளப்படும். நடைமுறையில் நன்றாக ஓடும் அமைப்பு: சொல்லுக்குள் சேர்த்து எழுதுதல், பகுதிகளுக்கிடையே அடிக்கோடு, தேதிக்குள் ஐஎஸ்ஓ 8601 என்ற பன்னாட்டுத் தர முறைப்படி (ஆண்டு-மாதம்-நாள்) கோடு. "குடிநீர்த்தொட்டி_வரைபடம்_2024-05-01" என்பதை மனிதரும் படிக்கலாம், நிரலும் அடிக்கோட்டில் வெட்டலாம். நீளத்தையும் பாருங்கள். லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறையில் ஒரு பெயருக்கு 255 பைட் எல்லை. எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் 85 குறிகளுக்கு மேல் போக முடியாது. "குடிநீர்" என்ற நான்கெழுத்துச் சொல்லே 8 குறி, 24 பைட். இணைய முகவரியில், ஒவ்வொரு பைட்டையும் % குறியோடு மூன்று எழுத்தாக எழுதும் விழுக்காட்டுக் குறியேற்றத்தில் 72 எழுத்து. கோடும் அடிக்கோடும் ஒவ்வொரு பைட்தான். நீண்ட கோடு 3 பைட்.

எதை எங்கே வைப்பது

ஒரு பெயரைக் கையில் எடுத்ததும் முதலில் அதன் தலைச்சொல்லைக் கண்டுபிடியுங்கள். தமிழில் அது கடைசியில் இருக்கும். பிறகு இடமிருந்து ஒவ்வோர் அடைமொழிக்கும் "எது?" என்ற கேள்வியைப் போடுங்கள்: எது சிறியது, எது உடைந்தது, எதில் 24? விடை அடுத்த சொல் என்றால் அந்த இரண்டையும் பிணைக்க வேண்டும். விடை தலைச்சொல் என்றால் நடுவில் உள்ளவற்றைத் தலைச்சொல்லோடு பிணைக்க வேண்டும். பிணைப்பதற்கு முதலில் அடிச்சொல் அல்லது எண்ணடி கிடைக்குமா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் வெறுமனே சேர்த்துப் பாருங்கள். முன்சொல் இலக்கமாகவோ குறியீடாகவோ, இரண்டும் சமமானவையாகவோ இருந்தால் கோடு. இவை எதுவும் அமையாவிட்டால் விரித்து எழுதுங்கள். "சிறிய-குழாய் மூடி" போன்ற கோடு, இடம் மிகக் குறைந்த சீட்டுகளில் கடைசி வழியாக மட்டும் இருக்கட்டும்.

பன்மொழிப் பட்டியல்களில் சிலர் எல்லாப் பெயருக்கும் கோடே போடுவோம், ஒழுங்காவது இருக்கும் என்பார்கள். ஒழுங்கு வரும் என்பது உண்மை. ஆனால் "குடி-நீர்", "ஏவு-கணை" என்று எழுதும்போது ஒரு சொல்லாக நிலைத்தவை உடைகின்றன. தேடுபவர் தட்டும் வடிவமும் அதுவல்ல. அந்த ஒழுங்குக்குக் கொடுக்கும் விலை அதிகம்.

பழைய பட்டியலைச் சீர்செய்தல்

ஏற்கனவே சில ஆயிரம் பெயர்கள் கலவையாகக் கிடந்தால் கண்ணால் தேட வேண்டாம். பெயர்ப் பத்தியின் நகலை எடுத்து ஒப்பீட்டுச் சாவி (பெயர்களை ஒப்பிடுவதற்கான எளிய வடிவம்) ஒன்று உருவாக்குங்கள். முதலில், ஒரே எழுத்தின் வெவ்வேறு சேமிப்பு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி முறையில் சீராக்குங்கள். 'கொ' போன்ற எழுத்துகளின் கொம்பும் காலும் ஒற்றைக் குறியாகவும் இரண்டு தனிக் குறிகளாகவும் சேமிக்கப்பட்டிருக்கலாம். அடுத்து இடைவெளி, எல்லா வகைக் கோடு, அடிக்கோடு, கண்ணுக்குத் தெரியாத அகலமில்லாக் குறிகள் ஆகியவற்றை நீக்குங்கள். விரிதாளில், ஒன்றை நீக்கி இன்னொன்றை இடும் சப்ஸ்டிட்யூட் (SUBSTITUTE) சார்பே போதும். பிறகு "க்க" என்பதை "க" என்றும், அப்படியே ச்ச, த்த, ப்ப ஆகியவற்றையும் சுருக்குங்கள். இப்போது நீர் குழாய், நீர்க் குழாய், நீர்க்குழாய், நீர்-குழாய் நான்கும் "நீர்குழாய்" என்ற ஒரே சாவிக்குள் வந்துவிடும். சாவி ஒன்றாகிப் பெயர் வேறாக உள்ள வரிகளை மட்டும் பிரித்தெடுத்தால் வேலை பலமடங்கு குறையும்.

இந்தச் சாவியை வைத்துத் தானாகவே மாற்றிவிடக் கூடாது. இணைகுழாயும் இணைக்குழாயும் இதே சாவியில் ஒன்றாகிவிடும். தந்த பலகையும் தந்தப் பலகையும் அப்படியே. ஒவ்வொரு தொகுப்பையும் பொருள் தெரிந்த ஒருவர் பார்த்து ஏற்ற வடிவத்தைக் குறிக்க வேண்டும். ம் கெட்டும் ட் இரட்டித்தும் மாறியவை சாவிக்குள் வராது: "வீடு தோட்டம்" வீட்டுத்தோட்டத்தோடு சேராது. அவற்றுக்கு 'டு', 'று', 'ம்' என முடியும் முன்சொற்களைத் தனியாக வடிகட்டிப் பார்க்க வேண்டும்.

முடிவான பெயர்களை ஒரு பக்கக் குறிப்பேட்டில் வையுங்கள்: ஏற்ற வடிவம், தவிர்க்க வேண்டிய வடிவங்கள், ஒரு வரிக் காரணம். காரணத்தை எழுதாவிட்டால் அடுத்து வருபவர் "ஆறுபல்" என்பதில் ஒற்று விடுபட்டதாக நினைத்துத் திருத்திவிடுவார். பழைய வடிவங்களை அழிக்காமல் தேடுசொற்கள் பத்திக்கு மாற்றிவிடுங்கள். அச்சிட்ட சீட்டுகளும் பழைய கோப்புகளும் அதே பெயரில்தான் இன்னும் பல நாள் புழங்கும். அந்தப் பெயரைத் தட்டுபவருக்கும் பொருள் கிடைத்தாக வேண்டும்.